கியூப்ஏடிஎம் கிளஸ்டரில் சேமிப்பு, பாதுகாப்பு, கண்காணிப்பு: எதை முதலில் நிறுவுவது?

ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். சரக்குப் போக்குவரத்து ஆவணங்களைக் கையாளும் சிறிய நிறுவனம் ஒன்றில் கட்டமைப்புப் பணியைப் பார்த்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்துப் பொறியாளர்கள் இருவர்தாம். தை செங் வட்டாரத்துத் தரவு நிலையம் ஒன்றில் வாடகைக்கு எடுத்த இடத்தில் எங்களுக்கு ஆறு சர்வர்கள் உள்ளன. அவற்றில் உபுண்டுவின் மேல் கியூப்ஏடிஎம் என்னும் அமைப்புக் கருவி வழியாகக் குபர்னெட்டீஸ் கிளஸ்டர் (கண்டெய்னர்களில் அடைத்த செயலிகளைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் தொகுதி) ஒன்றை எழுப்பியிருக்கிறோம்: கிளஸ்டரை நிர்வகிக்கும் மூன்று கண்ட்ரோல் பிளேன் நோடுகள் (நோடு என்பது கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்), செயலிகள் ஓடும் மூன்று வொர்க்கர் நோடுகள், நெட்வொர்க்குக்குக் காலிகோ. வொர்க்கர் ஒவ்வொன்றிலும் இயங்குதளத்துக்கு ஓர் எஸ்எஸ்டியும், இன்னும் தொடப்படாத 2 டெராபைட் என்விஎம்இ வட்டு ஒன்றும் இருக்கின்றன.

இதுவரை தரவு எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத செயலிகளை மட்டுமே கிளஸ்டரில் ஓட்டினோம். இனிப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் உள்ளே வரப்போகிறது. அதோடு, நிதித்துறையைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்துக்கு முன்னால் நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்: தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் காக்கிறார்கள், யார் கவனிக்கிறார்கள் என்பதே அதன் சாரம்.

பாதுகாப்புதான் முதலில் வர வேண்டும் என்கிறார் என் மேலாளர். எல்லாக் கருவிகளுக்கும் வட்டு வேண்டும் என்பதால் சேமிப்பிலிருந்து தொடங்கலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். மற்றவற்றை நிறுவும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவாவது கண்காணிப்பு முன்னே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இம்மூன்றில் எது சரி? நோடுகளின் வட்டுகளைச் சேர்த்துச் செயலிகளுக்குச் சேமிப்பாகத் தரும் மென்பொருள்களில் லாங்ஹார்னா, ரூக்கா?

ஜூரோங் இரவுப்பணி

ஈசூன் தம்பி, உங்கள் அளவுக்கு லாங்ஹார்ன் போதும். ரூக் தரமான திட்டம்தான். குபர்னெட்டீஸையும் பராமரிக்கும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் 2020ஆம் ஆண்டிலேயே முதிர்ச்சி நிலையை எட்டியது. ஆனால் ரூக்கை நிறுவுவது என்றால் செஃப் என்னும் முழுச் சேமிப்பு அமைப்பை வீட்டுக்குள் அழைத்து வருவது என்று பொருள். செஃப்பில் வட்டுக்கு ஒன்றாக ஓடும் ஓஎஸ்டி ஒவ்வொன்றும் இயல்நிலையில் ஏறத்தாழ 4 ஜிகாபைட் நினைவகத்தை இலக்காக வைத்து ஓடும். செஃப்பின் நிலையைப் பதிந்து வைக்கும் மானிட்டர்களுக்குப் பெரும்பான்மை எப்போதும் நிலைத்திருக்க வேண்டும். பழுது வந்தால் குபர்னெட்டீஸ் அறிவு மட்டும் கைகொடுக்காது. செஃப் தெரிந்த ஒருவர் வேண்டும். இருவர் உள்ள குழுவுக்கு அது சுமை. பொருள் சேமிப்பு, கோப்புச் சேமிப்பு, பிளாக் சேமிப்பு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும், வட்டுகளும் இருபது முப்பது என்று பெருகப் போகின்றன என்றால் அப்போது பேசலாம்.

லாங்ஹார்னை ஹெல்ம் என்னும் தொகுப்பு நிறுவி வழியாக நிறுவுவது ஒரே கட்டளை. வேலையெல்லாம் அதற்கு முன்னால்தான். முதலாவது, ஒவ்வொரு நோடிலும் ஓப்பன்-ஐஸ்கஸி நிறுவப்பட்டு அதன் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வால்யூமை (செயலிக்கு ஒதுக்கும் சேமிப்பு வட்டு) நெட்வொர்க் வழியாக நோடோடு இணைப்பது ஐஸ்கஸி நெறிமுறைதான். பல பாட்கள் (குபர்னெட்டீஸில் செயலி ஓடும் மிகச் சிறிய அலகுகள்) ஒரே வால்யூமில் எழுதும் தேவை இருந்தால், நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறையான என்எஃப்எஸ்ஸின் கிளையண்டும் வேண்டும். இரண்டாவது, உபுண்டு சர்வரில், ஒரே வட்டுக்குச் செல்லும் பல பாதைகளைக் கையாளும் மல்டிபாத் சேவை தானாகவே ஓடும். அது லாங்ஹார்ன் உருவாக்கும் பிளாக் சாதனத்தைத் தன்னுடையது என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். பாட் வால்யூமை ஏற்ற முடியாமல் நின்றுவிடும். சேன் சேமிப்பு (தனி நெட்வொர்க்கில் உள்ள பொது வட்டுத் தொகுதி) எதுவும் உங்களிடம் இல்லை என்றால் மல்டிபாத்தை நிறுத்திவிடுங்கள்; இருந்தால் லாங்ஹார்ன் உருவாக்கும் சாதனங்களை அதன் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. லாங்ஹார்ன் இயல்நிலையில் இயங்குதளத்தின் கோப்பு அமைப்பிலேயே ஒரு கோப்புறையை எடுத்துக்கொள்ளும். உங்கள் என்விஎம்இ வட்டை வடிவமைத்து அந்தக் கோப்புறையில் முன்கூட்டியே ஏற்றி வைக்காவிட்டால், தரவு முழுவதும் இயங்குதள எஸ்எஸ்டியில் குவியும். நோடின் முதன்மைக் கோப்பு அமைப்பில் வெற்றிடம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனதும், அந்த நோடில் பாட்களை ஓட்டும் கியூப்லெட் அவற்றை வெளியேற்றத் தொடங்கும். சேமிப்பு நிறைந்ததன் அறிகுறி, சேமிப்போடு தொடர்பே இல்லாத செயலிகள் சாவதாகத் தோன்றும்.

நோடுகளுக்கு இடையிலான நெட்வொர்க்கையும் பார்க்க வேண்டும். லாங்ஹார்ன், வெவ்வேறு நோடுகளில் வைத்திருக்கும் எல்லா நகல்களிலும் எழுதி முடித்த பிறகே எழுத்து முடிந்தது என்று செயலியிடம் சொல்லும். 1 ஜிகாபிட் இணைப்பில் என்விஎம்இ போட்டாலும் வேகம் நெட்வொர்க்கின் வேகம்தான்.

எனவே என் விடை: சேமிப்பு முதலில்.

செங்காங் காவல்

ஜூரோங் அண்ணன் சேமிப்பைப் பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை, வரிசையில்தான் மறுப்பு. பாதுகாப்பு என்று ஒரே சொல்லில் அழைக்கும்போது இருவேறு வேலைகளைக் கலந்துவிடுகிறோம். ஃபால்கோ, ட்ரிவி, கைவெர்னோ போன்றவை கருவிகள்; அவை பிறகு வரலாம். ஆனால் சில முடிவுகள் முதல் வால்யூம் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். இல்லையெனில் பின்னர் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும்.

ஒன்று, எட்சிடி மறையாக்கம். எட்சிடி என்பது கிளஸ்டரின் அமைப்புகள் எல்லாம் சேரும் தரவுத்தளம். கியூப்ஏடிஎம் அமைத்த கிளஸ்டரில் சீக்ரெட்கள் (கடவுச்சொல், சாவி போன்றவை) எட்சிடியில் மறையாக்கம் இல்லாமல்தான் கிடக்கின்றன. பேஸ்64 என்பது குறியீட்டு முறை, பூட்டு அன்று. கிளஸ்டரின் கோரிக்கைகளை ஏற்கும் ஏபிஐ சர்வருக்கு மறையாக்க அமைப்புக் கோப்பைக் கொடுத்த பிறகும், ஏற்கெனவே எழுதப்பட்ட சீக்ரெட்கள் மறுபடி எழுதப்படும் வரை பழைய நிலையிலேயே இருக்கும். இப்போது உங்களிடம் சீக்ரெட்கள் சொற்பம். நாளை போஸ்ட்கிரெஸ், அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா, சான்றிதழ்கள் என்று குவிந்த பிறகு செய்வதைவிட இன்றே செய்வது எளிது.

இரண்டு, வால்யூம் மறையாக்கம். லாங்ஹார்ன், லினக்ஸின் வட்டு மறையாக்க முறையான லக்ஸைக் கொண்டு வால்யூமை மறையாக்கம் செய்யும். அதற்கு நோடுகளில் கிரிப்ட்செட்டப் கருவி வேண்டும், ஸ்டோரேஜ் கிளாஸிலும் (வால்யூம் எப்படி உருவாக வேண்டும் என்று சொல்லும் வரையறை) மறையாக்கத்தைக் குறிப்பிட வேண்டும். வால்யூம் பிறக்கும்போதே அது தீர்மானமாகிவிடும். மறையாக்கம் இல்லாத வால்யூமில் வாடிக்கையாளர் தரவு ஏறிய பிறகு மாற்ற வேண்டுமானால், புதிய வால்யூம் உருவாக்கித் தரவை நகர்த்த வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் கேள்விப் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். சாவி வைக்கும் சீக்ரெட்டே எட்சிடியில் திறந்து கிடந்தால் லக்ஸ் போட்டும் பயன் குறைவு என்பதால், முதலாவதை முடித்துவிட்டே இதற்கு வர வேண்டும்.

மூன்று, பாட் செக்யூரிட்டி லேபிள்கள். பாட் செக்யூரிட்டி பாலிசி 1.25 பதிப்பில் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) லேபிள்களால் இயங்கும் புதிய முறை வந்தது. தளர்விலிருந்து கடுமைக்கு பிரிவிலேஜ்ட், பேஸ்லைன், ரெஸ்ட்ரிக்டட் என மூன்று நிலைகள். தடுப்பது, தணிக்கைப் பதிவில் குறிப்பது, எச்சரிப்பது என மூன்று வழிகள். லேபிள் இல்லாத நேம்ஸ்பேஸில் எந்தத் தடையும் இல்லை. இங்கே இக்கட்டு என்னவென்றால், லாங்ஹார்ன், ஃபால்கோ, நோடின் அளவீடுகளைத் திரட்டும் நோட்-எக்ஸ்போர்ட்டர் ஆகிய மூன்றுமே நோடின் கோப்பு அமைப்பையோ கெர்னலையோ தொட வேண்டியவை; பேஸ்லைன் நிலையிலேயே அவை தடுக்கப்படும். ஆகவே அவற்றின் நேம்ஸ்பேஸ்களைத் தனியே உருவாக்கி, பிரிவிலேஜ்ட் என்று தெளிவாக லேபிள் இட்ட பிறகே நிறுவ வேண்டும். செயலிகளின் நேம்ஸ்பேஸ்களில் ரெஸ்ட்ரிக்டட் அல்லது பேஸ்லைன் இருக்கட்டும்.

லேபிள் தவறாக இருந்தால் பிழை உரக்கக் கத்தாது என்பதுதான் தொல்லை. தடை பாட் பிறப்பதற்கு மட்டுமே பொருந்தும். நோடுக்கு ஒரு பாட் வீதம் ஓட்டும் டீமன்செட் ஏற்றுக்கொள்ளப்படும், ஹெல்மும் வெற்றி என்று சொல்லும், ஆனால் வேண்டிய பாட்கள் மூன்று, இருப்பவை சுழியம் என்று டீமன்செட் அமைதியாக நிற்கும். காரணம் அதன் நிகழ்வுப் பட்டியலில் மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

தோ பாயோ அளவி

இருவருமே நியாயமாகப் பேசியிருப்பதால் மூன்றாவது தரப்பையும் பேசிவிடுகிறேன். கண்காணிப்பின் பெரும்பகுதியைக் கியூப்-ப்ரொமீதியஸ்-ஸ்டேக் என்னும் ஒரே ஹெல்ம் தொகுப்பு தந்துவிடுகிறது: அளவீடுகளை இழுத்துச் சேமிக்கும் ப்ரொமீதியஸ், அதை நிர்வகிக்கும் ப்ரொமீதியஸ் ஆபரேட்டர், எச்சரிக்கைகளை அனுப்பும் அலர்ட்மேனேஜர், கிராஃபானா, நோட்-எக்ஸ்போர்ட்டர், கியூப்-ஸ்டேட்-மெட்ரிக்ஸ் எல்லாம் அதிலேயே வரும். அதை நிறுவிய அன்றே கியூப்ஏடிஎம் பயனர்கள் அதிர்ச்சி அடைவார்கள்: கண்ட்ரோலர் மேனேஜர் இல்லை, ஷெட்யூலர் இல்லை, எட்சிடி இல்லை, கியூப்-ப்ராக்ஸி இல்லை என்று சிவப்பு எச்சரிக்கைகள் வரிசைகட்டும். உண்மையில் அவை நலமாகவே உள்ளன. கியூப்ஏடிஎம் அவற்றின் அளவீட்டு முகவரியை 127.0.0.1 (அதே நோடுக்குள் மட்டும் எட்டும் முகவரி) என்று அமைப்பதால் வெளியிலிருந்து ப்ரொமீதியஸ் எட்டிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவே. முகவரியை மாற்றித் தீச்சுவரால் காப்பது ஒரு வழி. அந்த எச்சரிக்கைகளை அணைப்பது மற்றொரு வழி. எட்சிடியை மட்டும் தயவுசெய்து அணைக்காதீர்கள். அதன் பதிவேடு வட்டில் எழுதும் நேரம், 99ஆம் நூற்றுமானத்தில் (நூற்றில் 99 முறை) 10 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது எட்சிடி திட்டமே தரும் வழிகாட்டல். கிளஸ்டர் மந்தமாகும் முன் முதலில் நகரும் எண் அதுதான்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். அந்தத் தொகுப்பு இயல்நிலையில் ப்ரொமீதியஸுக்கு நிலையான வால்யூம் எதையும் கேட்பதில்லை. பாட் வேறு நோடுக்குப் போனால் பழைய அளவீடுகள் போய்விடும். ஆகவே எல்லோரும் அடுத்த நாளே வால்யூம் சேர்க்கிறார்கள். கைக்கு எட்டும் இடத்தில் லாங்ஹார்ன் இருப்பதால் அதிலேயே வைக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. லாங்ஹார்ன் தடுமாறும் வேளையில்தான் ப்ரொமீதியஸ் உங்களுக்குத் தேவை. அதே வேளையில் ப்ரொமீதியஸின் எழுத்தும் நின்றுபோனால் என்ன நடந்தது என்பதைக் காட்ட ஒரு வரைபடமும் மிஞ்சாது. சேமிப்பைக் கண்காணிக்கும் கருவி அந்தச் சேமிப்பின் மேலேயே உட்காரக் கூடாது.

என்எஃப்எஸ் மேல் வைப்பதும் தீர்வன்று. ப்ரொமீதியஸ் ஆவணமே அதை ஆதரிப்பதில்லை என்று சொல்கிறது. இரண்டு ப்ரொமீதியஸ் பிரதிகளை வெவ்வேறு நோடுகளில், அந்தந்த நோடின் உள்ளூர் வட்டில் ஓட்டுங்கள். இரண்டும் தனித்தனியே அளவீடுகளை இழுக்கும். ஒன்று விழுந்தாலும் மற்றொன்றில் வரலாறு இருக்கும்.

வட்டு எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். செயல்படும் அளவீட்டுத் தொடர்கள் 200,000 என்றும் 30 நொடிக்கு ஒருமுறை இழுக்கிறோம் என்றும் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 6,700 மாதிரிகள். ஒரு மாதிரிக்கு ஒன்று முதல் இரண்டு பைட் ஆகும். 15 நாள் வைத்திருந்தால் மேல் வரம்பு 17 ஜிகாபைட் அளவில் நிற்கும். இந்தச் சொற்ப இடத்துக்காக மூன்று நகல்கள் எடுக்கும் சேமிப்பைத் தேடுவானேன்?

ஜூரோங் இரவுப்பணி

அளவி சொல்வது கோட்பாட்டளவில் சரி. நடைமுறையில் உள்ளூர் வட்டு என்றால் அந்தப் பாட் அந்த நோடோடு கட்டப்பட்டுவிடும். நோடை நிரந்தரமாகக் கழற்றும் நாளில் வால்யூம் கோரிக்கையைக் கையால் நீக்கி, அந்தப் பாட் வேறிடத்தில் பிறக்கச் செய்ய வேண்டும். இரண்டு பேர் உள்ள குழுவில், இரவு இரண்டு மணிக்கு அதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? லாங்ஹார்னில் நகல் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு ஸ்டோரேஜ் கிளாஸ் உருவாக்கிக்கொண்டு அதில் வைத்தால் என்ன குறை?

தோ பாயோ அளவி

நகல் ஒன்றானாலும் எழுத்து லாங்ஹார்னின் எஞ்சின் வழியாகத்தான் போகிறது. என் அச்சம் நகல்களின் எண்ணிக்கையைப் பற்றியதன்று. அந்த எஞ்சினைப் பற்றியது. நோடு கழலும் நாளில் இழப்பது ஒரு பிரதியின் 15 நாள் வரலாறு; மற்ற பிரதியில் அது இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. மறுநாள் காலையில் செய்யலாம்.

ஜூரோங் இரவுப்பணி

இரண்டு பிரதிகள் உண்டு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஒரே பிரதி ஓட்டுபவர்களுக்கு என் வழிதான் மேல் என்பதில் மாற்றமில்லை.

இதே நியாயம் தம்பியின் போஸ்ட்கிரெஸுக்கும் பொருந்தும் என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டர் வழியாக மூன்று போஸ்ட்கிரெஸ் பிரதிகள் ஓட்டினால், தரவுத்தளமே தன் தரவை மூன்று இடங்களில் வைத்துக்கொள்கிறது. அதன் கீழே லாங்ஹார்ன் மூன்று நகல்கள் வைத்தால், ஒரே வரி ஒன்பது முறை எழுதப்படும். அத்தகைய தரவுத்தளத்துக்கு ஒரே நகலும், பாட் ஓடும் அதே நோடில் தரவு இருக்க வேண்டும் என்ற கண்டிப்பான அமைப்பும் கொண்ட தனி ஸ்டோரேஜ் கிளாஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரதியாக ஓடும் செயலிகளுக்கு மட்டும் மூன்று நகல்கள்.

தானாக உருவாகும் வால்யூம்களுக்கு ரீகிளைம் பாலிசி இயல்நிலையில் டிலீட் என்று இருக்கும். கோரிக்கையை ஒருவர் கவனக்குறைவாக நீக்கினால் தரவும் கூடவே போகும். தரவுத்தளத்தின் ஸ்டோரேஜ் கிளாஸில் ரீட்டெயின் என்று மாற்றிவிடுங்கள்.

பொங்கோல் மாணவி

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்று சிறிய கணினிகளை வைத்து, குபர்னெட்டீஸின் எளிய வடிவமான கே3எஸ் ஓட்டிப் பழகுகிறேன். இங்கே சொன்ன கண்காணிப்புத் தொகுப்பை நானும் நிறுவினேன். கிராஃபானா வேலை செய்கிறது. ஆனால் என் சொந்தச் செயலிக்கு எழுதிய சர்வீஸ்மானிட்டரை (எங்கிருந்து அளவீடு இழுக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு) ப்ரொமீதியஸ் கண்டுகொள்ளவே இல்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஷெட்யூலர் இல்லை என்ற எச்சரிக்கையும் நிற்கவில்லை.

தோ பாயோ அளவி

தங்கைக்கு: அந்தத் தொகுப்பு இயல்நிலையில், தன் ஹெல்ம் வெளியீட்டின் பெயரை ரிலீஸ் என்னும் லேபிளில் தாங்கிய சர்வீஸ்மானிட்டர்களை மட்டுமே தேர்ந்தெடுக்கும். உங்கள் கோப்பில் அந்த லேபிளைச் சேருங்கள், அல்லது ஹெல்ம் மதிப்புகளில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். கே3எஸ்ஸில் ஷெட்யூலரும் கண்ட்ரோலர் மேனேஜரும் ஒரே புரோசெஸுக்குள் ஓடுவதால், அவற்றைத் தனித்தனிப் பாட்களாகத் தேடும் விதிகளை அணைத்துவிடலாம். அது உங்கள் விஷயத்தில் சரியான செயல்தான்.

இன்னொன்று. ஹெல்ம், தொகுப்பின் தனிக் கோப்புறையில் உள்ள சிஆர்டிகளை (குபர்னெட்டீஸில் புதிய பொருள் வகைகளைச் சேர்க்கும் வரையறைகள்) முதல் முறை நிறுவுமே தவிர, மேம்படுத்தும்போது தொடாது. பெரிய பதிப்பு மாறும்போது அவற்றைக் கையால் புதுப்பிக்க வேண்டும். ப்ரொமீதியஸ் ஆபரேட்டரின் சிஆர்டிகள் மிகப் பெரியவை என்பதால் வழக்கமான அப்ளை கட்டளை அனோடேஷன் வரம்பான 262144 பைட்டைத் தாண்டிப் பிழை காட்டும். சர்வர் பக்க அப்ளை பயன்படுத்துங்கள்.

பொங்கோல் மாணவி

லேபிள் சேர்த்ததும் வந்துவிட்டது. மிக்க நன்றி.

ராஃபிள்ஸ் பிளேஸ் வாசகர்

நிதித்துறையில் தொழில்நுட்ப இடர் சார்ந்த பணியில் இருக்கிறேன். ஈசூன்வாசியின் வாடிக்கையாளர் கேட்கப்போகும் கேள்வி எந்தக் கருவி என்பதாக இருக்காது என்பதால் குறுக்கிடுகிறேன். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, வங்கி ஒன்றின் இன்றியமையாத அமைப்பு, எந்த 12 மாத காலத்திலும் திட்டமிடாமல் நின்றுபோகும் நேரம் மொத்தம் 4 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. கடுமையான சம்பவத்தைக் கண்டறிந்த 1 மணிநேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் தம் ஒப்பந்தத்தின் வழியாக அதே கடிகாரத்தை உங்கள் சுவரிலும் மாட்டுவார். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ உங்களையே கட்டுப்படுத்துகிறது: 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்ட தரவுக் கசிவு, தெரிவிக்க வேண்டியது என்று மதிப்பிடப்பட்ட பிறகு மூன்று நாள்காட்டி நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

இந்தக் கெடுவைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ள விவாதத்தைப் படித்தால் ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. மூன்று நகல்கள் என்று பேசுகிறோம். மூன்றும் தை செங்கில் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. 2023 அக்டோபர் 14 அன்று ஈக்வினிக்ஸ் தரவு நிலையம் ஒன்றில் குளிர்விப்பு அமைப்பு செயலிழந்தபோது டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவைகள் தடைபட்டன, ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 10 அன்று லோயாங்கில் டிஜிட்டல் ரியால்ட்டி தரவு நிலையத்தின் லித்தியம் மின்கலங்களில் தீ மூண்டு, அலிபாபா கிளவுட்டின் சிங்கப்பூர் மண்டலங்களில் ஒன்று பாதிக்கப்பட்டது. இவ்விரண்டு நாள்களிலும் கட்டடத்துக்குள் எத்தனை நகல்கள் இருந்தன என்பது கணக்கில் வரவில்லை.

ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலைப்பிரதி) இருக்கிறதே என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். லாங்ஹார்னின் ஸ்னாப்ஷாட் அதே வட்டுகளில்தான் தங்குகிறது. எஸ்3 வகைப் பொருள் சேமிப்பு வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். காப்புப் பிரதி அங்கே போக வேண்டும். கிளஸ்டரின் பொருள்களுக்கு வெலேரோ என்னும் காப்புக் கருவி, எட்சிடிக்குத் தனி ஸ்னாப்ஷாட், போஸ்ட்கிரெஸுக்கு அதன் சொந்தப் பதிவேட்டுக் காப்பகம் என்று மூன்றும் தனித்தனியே வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும் அடுத்த கேள்வி, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்பதாக இருக்கும். நான் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மேசைக்கு மறுபுறம் பெரும்பாலும் மௌனமே கிடைக்கும்.

செங்காங் காவல்

வாசகர் ஐயா சொன்ன வெளிக் கட்டடம் கண்காணிப்புக்கும் வேண்டும். அந்தத் தொகுப்பில் வாட்ச்டாக் என்னும் எச்சரிக்கை எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும். புதியவர்கள் தொந்தரவு என்று அதை அணைத்துவிடுகிறார்கள். அதை வெளியே உள்ள ஒரு சேவைக்கு அனுப்ப வேண்டும். அது வருவது நின்றால் அந்தச் சேவை உங்களைக் கூப்பிட வேண்டும். கிளஸ்டரோடு அலர்ட்மேனேஜரும் விழுந்தால் யார் சொல்வார்கள் என்ற கேள்விக்கு அதுவே விடை.

இனிக் கருவிகள். கைவெர்னோ போன்ற கொள்கைக் கருவிகள் அட்மிஷன் வெப்ஹுக் வழியாக, அதாவது கோரிக்கையை ஏற்கும் முன் ஏபிஐ சர்வர் அவற்றிடம் கேட்கும் முறையில், வேலை செய்கின்றன. வெப்ஹுக் பதில் தராவிட்டால் கோரிக்கையை மறுப்பதா, அனுமதிப்பதா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். மறுப்பது என்று வைத்து, அந்தக் கருவியின் பாட்களும் ஒருசேர விழுந்தால், புதிய பாட் எதுவும் பிறக்காது. அந்தக் கருவியின் நேம்ஸ்பேஸை விதிவிலக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் அதன் சொந்தப் பாட்களும் பிறக்கா. காவலாளி உள்ளே, சாவியும் உள்ளே, கதவு பூட்டியிருக்கிறது என்ற கதைதான். எனவே அட்மிஷன் கண்ட்ரோலரை மூன்று பிரதிகளாக வெவ்வேறு நோடுகளில் ஓட்டுங்கள். கியூப்-சிஸ்டம், லாங்ஹார்ன், கண்காணிப்பு ஆகிய நேம்ஸ்பேஸ்களை விலக்குங்கள். உங்கள் விதிகள் எளியவை என்றால் வெப்ஹுக்கே வேண்டாம். குபர்னெட்டீஸிலேயே உள்ள வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி 1.30 பதிப்பில் நிலைபெற்றுவிட்டது. அது ஏபிஐ சர்வருக்குள்ளேயே ஓடுவதால் விழுவதற்குத் தனிப் பாட் இல்லை. இருவர் உள்ள குழுவுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஃபால்கோ வேறு வகை. அது தடுக்காது, கெர்னலில் சிஸ்டம் அழைப்புகளை ஈபிபிஎஃப் என்னும் கெர்னல் வசதி வழியாகக் கவனித்து, கண்டெய்னருக்குள் யாரோ ஷெல் திறந்தார்கள் என்பது போன்றவற்றைச் சொல்லும். கெர்னல் 5.8 அல்லது அதற்கு மேல் இருந்தால் தனி கெர்னல் மாட்யூல் தொகுக்கும் வேலை இல்லை. அதன் குரலை அலர்ட்மேனேஜரோடு இணைக்கும் வரை ஃபால்கோ பதிவுக்கோப்பில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். ஆகவே கண்காணிப்பு நின்ற பிறகே ஃபால்கோ. ட்ரிவி ஆபரேட்டர் இமேஜ்களின் பலவீனங்களை அறிக்கைகளாக எழுதும். அந்த அறிக்கைகள் குபர்னெட்டீஸ் பொருள்களாக எட்சிடியில் சேரும் என்பதால் எட்சிடியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் இயல்நிலை வரம்பு 2 ஜிகாபைட்.

நெட்வொர்க் பாலிசியைக் (எந்தப் பாட் எதனோடு பேசலாம் என்ற விதிகள்) கடைசியில் இறுக்குங்கள். காலிகோ இருப்பதால் அவை உண்மையிலேயே செயல்படும். ஒரு நேம்ஸ்பேஸில் எல்லாவற்றையும் தடு என்று தொடங்கினால் முதலில் சாவது, பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ். 53ஆம் போர்ட்டைத் திறந்த பிறகு, ப்ரொமீதியஸ் உள்ளே வந்து அளவீடு இழுக்க ஒரு விதி. கண்காணிப்பு ஏற்கெனவே நின்றிருந்தால், எந்த விதி எதை வெட்டியது என்பது ப்ரொமீதியஸின் டார்கெட் பக்கத்தில் உடனே சிவப்பாகத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஈசூன்வாசியின் முதல் எண்ணத்திலும் உண்மை உண்டு என்பேன்.

ஈசூன்வாசி

எல்லோருக்கும் நன்றி. மூன்று பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது என்ற கேள்வியே பொருந்தாது என்று புரிகிறது. நாங்கள் செய்யப்போவது இது: முதலில் எட்சிடி மறையாக்கமும் நேம்ஸ்பேஸ் லேபிள்களும், அடுத்து நோடுகளில் ஐஸ்கஸி, மல்டிபாத், வட்டு வேலைகள், பிறகு இரண்டு ப்ரொமீதியஸ் பிரதிகள் உள்ளூர் வட்டில், வாட்ச்டாக் வெளியே. அதற்கென எஸ்எஸ்டியில் தனிப் பகிர்வு ஒன்றை ஒதுக்குகிறோம். அதன் பின்னரே லாங்ஹார்ன், மறையாக்கம் கொண்ட இரு ஸ்டோரேஜ் கிளாஸ்களோடு. அப்போது லாங்ஹார்ன் எழுவதையே கிராஃபானாவில் பார்க்கலாம். வேறு கட்டடத்துக்குக் காப்புப் பிரதி போய், அங்கிருந்து ஒரு வால்யூமை மீட்டுக் காட்டிய பிறகுதான் போஸ்ட்கிரெஸ் உள்ளே வரும். ஃபால்கோ, கொள்கைகள், நெட்வொர்க் பாலிசி அதற்கும் பிறகு.

செயலிகளின் பதிவுக்கோப்புகளைத் திரட்டி வைக்க லோக்கி வைக்கலாம் என்றிருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: காப்புப் பிரதி அட்டவணையை அதிகாலை 2 மணிக்கு வைத்து லாங்ஹார்னைச் சோதனைக் கிளஸ்டரில் ஓட்டிப் பார்த்தோம். அது காலை 10 மணிக்கு, அலுவலகம் முழுவீச்சில் இருக்கும் நேரத்தில் ஓடுகிறது. நோடுகளின் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது.

தோ பாயோ அளவி

கடிகாரம் சரி; அட்டவணை சிங்கப்பூர் நேரத்தில் படிக்கப்படவில்லை. அது யூடிசி (உலகப் பொது) நேரம். அதிகாலை 2 மணிக்கு வேண்டுமானால் அட்டவணையில் 18 மணி என்று எழுதுங்கள். நீங்களே எழுதும் கிரான்ஜாப்களில் (அட்டவணைப்படி ஓடும் வேலைகள்) நேர மண்டலத்தைக் குறிப்பிடலாம், 1.27 பதிப்பிலிருந்து அந்தப் புலம் நிலைபெற்றிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைகளில் கிழமையையும் சேர்த்து மாற்றுங்கள்: நமது ஞாயிறு அதிகாலை 2 மணி, யூடிசியில் சனிக்கிழமை 18 மணி.

லோக்கிக்குப் பதிவு சேகரிக்கும் கருவியாகப் பழைய வழிகாட்டிகள் ப்ரொம்டெயிலைச் சொல்லும். அதற்கான ஆதரவு 2026 மார்ச்சோடு முடிவதாக கிராஃபானா நிறுவனம் அறிவித்திருப்பதால் புதிய கிளஸ்டரில் அதற்கு மாற்றான அலாய் வைத்தே தொடங்குங்கள்.

ஜூரோங் இரவுப்பணி

அந்த 18 மணி வேலையோடு போஸ்ட்கிரெஸின் காப்புப் பிரதியும் அதே நிமிடத்தில் தொடங்க வேண்டாம், தம்பி. இரண்டும் வெளியே போவது ஒரே இணைய இணைப்பில். ஒரு மணிநேரம் தள்ளி வையுங்கள்.